தீங்கு நினையாமல் செய்யும் தீங்கு

உடற்பருமனைக் குறைப்பதாகக் கூறும் மூலிகை மாத்திரைகளும் பொடிகளும் தேநீர் வகைகளும் இன்று கடைத்தெருவெங்கும் விற்கப்படுகின்றன. அவற்றின் உறைகளில் பெரும்பாலும் ஒரே வாசகம் காணப்படும்: "முற்றிலும் இயற்கையானது, பக்கவிளைவு அற்றது." இதில் இரண்டு கூற்றுகள் அடங்கியுள்ளன. முதற்கூற்று உண்மையாகவே இருக்கலாம். ஆனால் முதற்கூற்று உண்மையானால் இரண்டாவதும் உண்மையாகிவிடும் என்று நாம் எண்ணிக்கொள்கிறோமே, அது சரிதானா? அச்சொற்களை நம்பி ஒருவர் தம் உடல்நலத்தை இழந்தால் பழி யாரைச் சாரும்? விற்றவரையா, பரிந்துரைத்தவரையா, வாங்கி உண்டவரையா? இவ்வினாக்கள் மருத்துவத்தை மட்டும் சார்ந்தவை அல்ல, அறத்தையும் சார்ந்தவை.

இயற்கையில் விளைந்த எதுவும் தீங்கு செய்யாது என்பது நம் முன்னோர் கொள்கையன்று. அரளியும் எட்டியும் இயற்கையில் விளைந்தவையே. அன்றாடம் பயன்படும் சுக்கிற்குப் புறத்தோலிலும், கடுக்காய்க்கு உள்ளிருக்கும் கொட்டையிலும் நஞ்சுண்டு என்று கூறி, அவற்றை நீக்கிய பின்னரே சித்த மருத்துவர் அப்பொருள்களைப் பயன்படுத்தினர். சேங்கொட்டையைச் சுத்தி செய்யாமல் மருந்தில் சேர்க்கமாட்டார்கள். நோயாளியின் வயதையும் உடல்வாகையும் கண்டு, அளவும் அனுபானமும் பத்தியமும் வகுத்த பின்னரே மருந்து கொடுத்தார்கள். இவையனைத்தும் சேர்ந்ததே மருத்துவம். இன்று புட்டிக்குள் அடைபடுவது மூலிகை மட்டுமே; வைத்தியரும் பத்தியமும் வெளியே நின்றுவிடுகின்றனர்.

பிரஸ்ஸல்ஸ் நகரில் நடந்தது

பெல்ஜியம் நாட்டின் தலைநகரான பிரஸ்ஸல்ஸில் உடல் மெலியச் செய்யும் சிகிச்சை நிலையம் ஒன்று இருந்தது. 1990 ஆம் ஆண்டு முதல் அங்குக் கொடுக்கப்பட்ட மாத்திரைகளில் இரண்டு சீன மூலிகைகள் புதிதாகச் சேர்க்கப்பட்டன. 1992 ஆம் ஆண்டில், அங்குச் சிகிச்சை பெற்ற பெண்கள் சிலர் சிறுநீரகங்கள் விரைந்து செயலிழந்த நிலையில் மருத்துவமனைக்கு வந்தனர். மருத்துவர்கள் ஆராய்ந்து 1993 ஆம் ஆண்டில் உண்மையை வெளியிட்டனர். சேர்க்கப்பட வேண்டியது ஸ்டெபானியா டெட்ராண்ட்ரா என்ற செடியின் வேர். அதற்குச் சீன மொழியில் ஏறத்தாழ ஒத்த பெயருடைய அரிஸ்டோலோக்கியா ஃபாங்சி என்னும் வேறொரு செடியின் வேர் அதன் இடத்தில் வந்து சேர்ந்திருந்தது. அதிலுள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தை அழித்துவிட்டது.

பாதிக்கப்பட்டவர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர். துன்பம் அத்துடன் முடியவில்லை. சிறுநீரகங்கள் முற்றும் செயலிழந்தவர்களுள் 39 பேருக்கு முன்னெச்சரிக்கையாக அவ்வுறுப்புகளை அகற்றிச் சோதித்தபோது, 18 பேருக்குச் சிறுநீர்ப்பாதையில் புற்றுநோய் தோன்றியிருந்தது தெரியவந்தது. இது 2000 ஆம் ஆண்டில் வெளியான செய்தி. மாத்திரையை நிறுத்திப் பல ஆண்டுகள் கடந்த பின்னும் அதன் வினை தொடர்ந்தது. இச்செடியினம் நமக்குத் தொலைவானதன்று. நம் நாட்டில் ஆடுதின்னாப்பாளை என்றும் ஈசுவரமூலி என்றும் வழங்கும் செடிகள் அதே இனத்தைச் சேர்ந்தவையே.

வேரைத் தோண்டியவரோ, ஏற்றுமதி செய்தவரோ, மாத்திரையை எழுதிக் கொடுத்தவரோ ஒருவரையேனும் கொல்ல நினைத்ததில்லை. பெயரொன்று மாறியது, ஒருவரும் சோதித்துப் பார்க்கவில்லை. அவ்வளவே.

உணவாக நல்லது, மருந்தாகவும் நல்லதா?

"உணவாக உண்ணும் பொருள்தானே, என்ன செய்துவிடும்?" என்று சிலர் கேட்பர். தவசிக்கீரை நம் வீட்டுத் தோட்டங்களிலும் வளர்வது. மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் மக்கள் அதைச் சமைத்து உண்கின்றனர். அதே கீரையை 1994, 1995 ஆம் ஆண்டுகளில் தைவான் நாட்டில் பலர் உடல் மெலிவதற்காகப் பச்சையாகச் சாறு பிழிந்து வாரக்கணக்கில் குடித்தனர். இருநூறுக்கும் மேற்பட்டோருக்கு நுரையீரலின் நுண்ணிய மூச்சுக்குழல்கள் அடைபட்டன. சிலர் இறந்தனர், சிலருக்கு மாற்று நுரையீரல் பொருத்த நேர்ந்தது.

பச்சைத் தேயிலையைக் கொதிநீரில் இட்டுப் பருகுவது பொதுவாகத் தீங்கற்றது. அதன் சாரத்தைச் செறிவாக்கி மாத்திரையாக உண்ணும்போது நிலைமை வேறு. அதிலுள்ள முக்கியப் பொருளான ஈ.ஜி.சி.ஜி. நாளொன்றுக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் உட்சென்றால் கல்லீரல் பாதிப்பின் அறிகுறிகள் இரத்தத்தில் தோன்றுகின்றன என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஆம் ஆண்டில் தெரிவித்தது. மலையாள நாட்டுச் சமையலில் இடம்பெறும் கொடம்புளியின் சாரமும் மெலிவு மாத்திரையாக உலகெங்கும் விற்கப்படுகிறது. அமெரிக்காவில் 135 பேரிடம் 12 வாரங்கள் நடத்தி 1998 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், அதை உண்டவர்கள் வெற்று மாத்திரை உண்டவர்களைவிட அதிகமாக மெலியவில்லை. பிற்காலத்தில் இச்சாரத்தை உண்டோர் சிலருக்குக் கல்லீரல் கெட்டதும் பதிவாகியுள்ளது.

திருநெல்வேலிச் சீமையிலிருந்து நெடுங்காலமாக ஏற்றுமதியாகும் நிலவாகை மலச்சிக்கலுக்கு நல்ல மருந்து. அதை 'மெலிவுத் தேநீர்' என்று விற்கின்றனர். உணவின் சத்து சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடுகிறது. நிலவாகை வேலை செய்வதோ அதன்பின் வரும் பெருங்குடலில். ஆகவே வெளியேறுவது நீரும் உப்புகளுமே; கொழுப்பன்று. எடைப்பொறியின் முள் இறங்குவதைக் கண்டு மகிழ்ந்து நாள்தோறும் பருகினால், உடலில் பொட்டாசியம் குறைந்து இதயத்துடிப்பே தடுமாறக்கூடும்.

சட்டமும் வணிகமும்

எபெட்ரா என்பது சீன மருத்துவத்தில் இருமலுக்கும் மூச்சிரைப்புக்கும் தொன்றுதொட்டுப் பயன்பட்ட செடி. அமெரிக்க வணிகர்கள் அதை மெலிவு மாத்திரையாக்கினர். உணவுத் துணைப்பொருள்களை விற்பனைக்கு முன் தீங்கற்றவை என மெய்ப்பிக்க வேண்டியதில்லை. தீங்குண்டு என்று அரசே நிறுவவேண்டும் என அந்நாட்டின் 1994 ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்திருந்தது. 2003 பிப்ரவரியில் ஸ்டீவ் பெக்லர் என்னும் 23 வயது பேஸ்பால் ஆட்டக்காரர் பயிற்சியின்போது வெப்பத்தாக்குதலால் இறந்தார். அவர் உண்ட எபெட்ராவும் அதற்குத் துணைக்காரணம் என்று மருத்துவப் பரிசோதகர் கூறினார். 2004 ஆம் ஆண்டில்தான் தடை வந்தது.

நம் நாட்டில், பருமனைத் தீர்ப்பதாக மருந்துகளை விளம்பரம் செய்வது 1954 ஆம் ஆண்டின் சட்டத்தாலேயே தடுக்கப்பட்டுள்ளது. ஆயினும் விளம்பரங்கள் வேறு பெயர்களில் வருகின்றன. இவற்றினும் கொடியது கலப்படம். சிபுட்ரமின் என்னும் மருந்து மாரடைப்பையும் பக்கவாதத்தையும் மிகுவிக்கிறது என்று 2010 ஆம் ஆண்டில் பல நாடுகளில் விலக்கப்பட்டது. அதன் பிறகும் 'தூய மூலிகை' எனப் பெயர் சூட்டிய மாத்திரைகள் பலவற்றில் அது மறைவாகச் சேர்க்கப்பட்டிருந்ததைச் சோதனைகள் காட்டின.

"ஆங்கில மருந்துகள் மட்டும் தீங்கற்றவையா?" என்னும் கேள்வி நியாயமானதே. பசியடக்கும் ஃபென்ஃப்ளூரமின் இதயத்தின் வால்வுகளைக் கெடுத்ததால் 1997 ஆம் ஆண்டில் விலக்கப்பட்டது. சிபுட்ரமினும் ஒரு காலத்தில் மருத்துவர்கள் எழுதிக் கொடுத்த மருந்தே. ஆதலின் வழக்கு மூலிகைக்கும் ஆங்கில மருந்துக்கும் இடையே அன்று. விழிப்புக்கும் விழிப்பின்மைக்கும் இடையே ஆகும்.

பழி யாரைச் சாரும்?

இங்குச் சமண நூல்கள் காட்டும் வழி நமக்குத் துணையாகிறது. தத்துவார்த்த சூத்திரம் இம்சையை வரையறுக்கும்போது கொல்லும் எண்ணத்தை மட்டும் கூறவில்லை. 'பிரமாதம்' எனப்படும் விழிப்பின்மையோடு கூடிய செயலால் உயிருக்கு ஊறு நேர்வதே இம்சை என்கிறது. அடியெடுத்து வைக்குமிடத்தைக் கூர்ந்து நோக்கி நடக்கும் துறவியின் காலடியில் தற்செயலாகச் சிற்றுயிர் ஒன்று மடிந்தால் அப்பாவம் அவரைப் பற்றாது. நோக்காமல் நடப்பவரைப் பற்றும், அவர் காலடியில் உயிரெதுவும் மடியாவிட்டாலும்.

இவ்வளவுகோலைக் கடைக்கும் கொண்டுவருவோம். தாம் விற்கும் மாத்திரையில் என்ன இருக்கிறது என்று வினவாத வணிகர், "இதுவரை யாருக்கும் ஒன்றும் நேரவில்லை" என்று கூறித் தப்ப இயலாது. ஒன்றும் நேராதது வாங்கியவரின் நல்வினை, விற்றவரின் அறமன்று. பிரஸ்ஸல்ஸில் 1993 ஆம் ஆண்டுக்கு முன் நடந்ததில் அறியாமைக்கும் ஓரளவு இடமுண்டு. அதன் பின்னும் வேரைச் சோதியாமல் விற்பவரிடம் இருப்பது அறியாமையன்று, அறிய முயலாமை.

பரிந்துரைப்பவருக்கும் பங்குண்டு. "நான் சாப்பிட்டேன், எனக்கு ஒன்றும் செய்யவில்லை" என்று திருமண வீட்டில் நாம் சொல்லும் சொல்லை நம்பி உறவினர் பத்துப்பேர் வாங்குகின்றனர். கல்லீரலுக்கு நேரும் கேடு எல்லோருக்கும் நேர்வதன்று. பலருள் ஒருவருக்கு நேர்வது. அவ்வொருவர் நம் சொல்லைக் கேட்டவராக இருக்கலாம். பருமனானவரைப் பார்த்து நகைப்பவரும் இவ்வணிகத்தின் பங்காளியே. அவர் ஊட்டும் நாணமன்றோ பலரை அப்புட்டியை நோக்கித் துரத்துகிறது!

உண்பவர் தம் உடலும் ஓர் உயிரின் உறைவிடம் என்பதை மறக்கலாகாது. பிறவுயிரிடம் காட்டும் பரிவில் ஒரு பங்கு அதற்கும் உரியது. பருமன் சிலருக்கு உணவாலும், சிலருக்குத் தைராய்டு சுரப்பிக் குறைவாலும், சிலருக்கு வேறு நோய்க்கு உண்ணும் மருந்தாலும் வரும். காரணம் அறியாமல் மருந்து தேடுவது முறையன்று. பொருட்கள், அளவு, தயாரித்தவர் முகவரி ஆகியவை தெளிவாக இல்லாததை வாங்க வேண்டா. ஏற்கெனவே மருந்து உண்பவரும், கருவுற்றவரும், சிறுநீரகம் அல்லது கல்லீரல் நோயுடையவரும் மருத்துவரைக் கேளாமல் தொடவே வேண்டா. கண் மஞ்சளித்தல், சிறுநீர் கருத்தல், நெஞ்சு படபடத்தல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் உடனே நிறுத்தி, உண்டதை மறைக்காமல் மருத்துவரிடம் கூறவேண்டும்.

திருக்குறளில் 'மருந்து' என்னும் 95 ஆம் அதிகாரம் மூலிகை ஒன்றின் பெயரையும் சொல்லவில்லை. முன்னுண்டது செரித்ததை அறிந்து அளவோடு உண்பதையே பெரிதும் பேசுகிறது. அவ்வழியில் எடை குறைய மாதங்கள் பல ஆகலாம். அதற்குப் பொறுமை வேண்டும். அப்பொறுமை நம்மிடம் இல்லையென்பதை நன்கறிந்தவர்களே 'முப்பது நாளில்' என்று உறையின்மேல் அச்சிடுகிறார்கள். அவ்வுறையைப் பிரிக்கும் முன், உள்ளே இருப்பது என்ன என்று ஒருமுறை கேட்போம். விற்பவராயினும், பரிந்துரைப்பவராயினும், உண்பவராயினும் அவ்வொரு கேள்வியிலிருந்தே நம் அகிம்சை தொடங்குகிறது.