தேனும் மாடும்

கிழக்கு ஆப்பிரிக்காவில் தேனெடுத்தும் வேட்டையாடியும் வாழ்ந்த இரண்டு சிறு இனங்கள்: கென்யாவின் முக்கோகோடோ காட்டில் யாக்கு மக்கள், தான்சானியாவின் எயாசி ஏரிப் பக்கம் ஹட்சா மக்கள். யாக்கு மொழி ஒருசில முதியவர்களின் நாவோடு சுருங்கிப்போனது. ஹட்சாக்களோ ஆயிரம் பேரளவில்தான் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் குழந்தைகள் இன்றும் தங்கள் மொழியில்தான் விளையாடுகிறார்கள். ஒன்று மங்கி மற்றது வாழக் காரணம் என்ன?

யாக்குகளின் திருமணத்தில் அன்று பரிசம் தேன்கூடுகள்தாம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாசாய் மொழி பேசும் மேய்ச்சல்காரர்களோடு சம்பந்தம் ஏற்பட்டபோது அவர்கள் மாடுகளைக் கொடுத்துப் பெண் கட்டினார்கள். மகளுக்கு மாடு வாங்கிய தகப்பன் மகனுக்குப் பெண் கேட்டுப் போனால், அங்கும் மாடே கேட்டார்கள். தேனுக்கு மதிப்புப் போயிற்று, மாடில்லாதவன் இளக்காரமானான். 1920, 30களில், ஒரு தலைமுறைக்குள், யாக்குகள் மேய்ப்பர்களானார்கள். மாட்டோடு மாசாய் மொழியும் வீட்டுக்குள் வந்தது. ஆங்கிலேயர் ஆண்ட காலம்தான். ஆனாலும் யாக்கு மொழியை விழுங்கியது ஆங்கிலமல்ல, பக்கத்து மேய்ச்சல் நிலத்தின் மொழி. ஆப்பிரிக்காவில் மறைந்த பல சிறு மொழிகளுக்கு நேர்ந்ததும் இதுவே.

ஹட்சாக்களையும் அண்டையார் தாழ்வாகத்தான் பார்த்தார்கள். அரசு அவர்களை ஊர்களில் குடியமர்த்த முயன்றது. பலர் காட்டுக்கே திரும்பினர். வெளியாரை மணந்த ஹட்சாப் பெண்களில் பலர், மணம் முறிந்தால் பிள்ளைகளோடு தம் மக்களின் முகாமுக்கே வந்துவிடுவார்கள். கிழங்கு தோண்டவும் பெருக்க மரத்துப் பழம் பொறுக்கவும் அந்தப் பிள்ளைகள் பழகுவது ஹட்சா மொழியில். காடு அங்கே வயிற்றையும் நிரப்புகிறது, தலைநிமிர்வையும் தருகிறது. 2011இல் யயிடா பள்ளத்தாக்கில் அவர்களுக்குக் கூட்டு நில உரிமைச் சான்று கிடைத்தது. அது மொழிக்கும் கிடைத்த காப்பு என்றே நான் கருதுகிறேன்.

தாய்மொழியைக் கைவிட்டதற்காக யாக்குப் பெற்றோரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிள்ளை பட்டினி கிடக்கக் கூடாது, நாலுபேர் முன் கூனிக் குறுகக் கூடாது என்றே அவர்கள் மாசாயில் பேசினார்கள். அது பாசம்தான். இன்று அவர்களின் வழிவந்தோர் முதியவர்களிடம் பழைய சொற்களைக் கேட்டுக் கற்கிறார்கள். கூடவே காட்டின் மேலுள்ள உரிமையையும் கேட்கிறார்கள். இரண்டும் ஒரே கோரிக்கை என்பதை இழந்தவர்களே நன்றாக அறிவார்கள்.

ஒரு மொழியைக் காக்க அகராதி வேண்டும், பாடநூல் வேண்டும். அவற்றுக்கும் முன்னால், அதைப் பேசுகிறவர் மானத்தோடு பிழைக்க ஓரிடம் வேண்டும். பிழைப்பையும் மதிப்பையும் பறித்துக்கொண்டு மொழியை மட்டும் காப்பாற்றச் சொல்வது அநியாயம். மக்களை வாழவிட்டால், மொழியை அவர்களே வாழவைப்பார்கள்.