பாதி நாற்காலி, முழு அடுப்பு

நள்ளிரவு பன்னிரண்டு மணிக்குப் பசியாறும் ஊர் விக்கிரவாண்டி. சென்னையில் இரவு எட்டரைக்கும் ஒன்பதுக்கும் கிளம்பிய பஸ்கள் திண்டிவனத்தைத் தாண்டி இங்கே வந்துதான் மூச்சு வாங்கும். மதுரைக்காரரும் நாகர்கோவில்காரரும் தூக்கம் கலைந்து இறங்குவார்கள். கும்பகோணம் வழியாகத் தஞ்சாவூர் போகும் சாலையும் இங்கேதான் பிரிகிறது. ஊர் தூங்கும் நேரத்தில் பரோட்டாக் கல் காயும், டீ ஆறாமல் போகும், அன்றெல்லாம் டோல்கேட்டில் அவித்த கடலையும் வெள்ளரிப்பிஞ்சும் ஜன்னல் ஜன்னலாக ஏறும். ஓடுகிற சாலையை நம்பி உலை வைத்த ஊர் இது.

2020 மார்ச் 24 மாலை ஆறு மணிக்கு, கொரோனா ஊரடங்கால் அந்தச் சாலை நின்றது.

தம்பி, உன்னிடம் பேசத்தான் இதை எழுதுகிறேன். ஹோட்டலில் இலை எடுத்து, தண்ணீர் வைத்து, மெல்ல மாஸ்டரான உன்னிடம். டோல்கேட்டில் தலைச்சுமையோடு வெயிலில் நின்ற தங்கச்சி உன்னிடமும்தான். பூட்டியிருந்த நாட்களைப் பற்றி எல்லோரும் நிறையப் பேசிவிட்டார்கள். பூட்டைத் திறந்துவிட்ட பிறகு வந்த நாட்களைப் பற்றிப் பேச ஆளில்லை. நம்மை உண்மையில் சோதித்தவை அந்த நாட்கள்தான்.

எப்படித் திறந்தார்கள் என்று நினைத்துப் பார். நெடுஞ்சாலைச் சுங்கக் கட்டண வசூல் ஏப்ரல் 20-ஆம் தேதியே திரும்பிவிட்டது. நெடுஞ்சாலையோரத் தாபாக்களையும் லாரிப் பட்டறைகளையும் அதே நாளிலிருந்து திறக்கலாம் என்று மத்திய அரசு வழிகாட்டியது. ஆனால் மே 3 வரை தளர்வு எதுவும் இல்லை என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. டீக்கடைக்கு மே 11 வரை காத்திருந்தோம், அதுவும் பார்சல் மட்டும். இதற்கிடையில் கோயம்பேடு சந்தையிலிருந்து ஊர் திரும்பியவர்களோடு தொற்றும் வந்து, விழுப்புரம் மாவட்டத்தின் பெயரே நாளுக்கு நாள் செய்தியில் அடிபட்டது. முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனை பக்கம் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டாலே வயிறு கலங்கிய காலம் அது. ஜூன் 8-இல் பாதி நாற்காலிகளோடு உட்கார்ந்து சாப்பிடலாம் என்றார்கள். ஏ.சி. கூடாது. ஜூன் 1-இல் மண்டலத்துக்குள் ஓடத் தொடங்கிய பஸ் ஒரு மாதத்தில் மறுபடி நின்றது. மாவட்டம் விட்டு மாவட்டம் அரசு பஸ் ஓடியது செப்டம்பர் 7-இல். ஆம்னி பஸ் அக்டோபர் 16-இல்.

இந்தத் தேதிகளைப் படிக்கும்போது உனக்குக் கோபம் வருகிறதா? வரட்டும். கடை திறக்கலாம், ஆனால் வாடிக்கையாளரைச் சுமந்து வரும் பஸ் இல்லை. பஸ் வந்தது, ஆனால் இறங்கியவர் வெளியில் சாப்பிடப் பயந்தார். நாற்காலி பாதி, வாடகை முழுசு. கரண்ட் பில்லும் முழுசு. தவணையைத் தள்ளிவைக்கலாம் என்று ரிசர்வ் வங்கி ஆகஸ்ட் 31 வரை அவகாசம் கொடுத்தது. வட்டி மட்டும் அந்த மாதங்களிலும் ஏறிக்கொண்டே இருந்தது.

அந்தப் பாதிக் கதவின் முன்னால் இரண்டு வகை மனிதர்கள் நின்றார்கள். எல்லாம் பழையபடி ஆகட்டும், அப்புறம் அடுப்பை மூட்டலாம் என்று சொன்னவர்கள் ஒரு வகை. பாதிப் பேருக்குத்தானே அனுமதி, அந்தப் பாதிப் பேருக்கும் இதுவரை போடாத சாப்பாடு போடுவோம் என்று கரண்டியை எடுத்தவர்கள் இன்னொரு வகை. நீ இரண்டாவது வகையாக இருக்க வேண்டும். கையில் பணம் இருந்தவர்கள்தான் அப்படி நிற்க முடிந்தது என்று சொல்லாதே. பணம் இருந்தும் ஷட்டரை ஏற்றாதவர்கள் இருந்தார்கள். மகளிர் குழுக் கடனையும் நகைச்சீட்டையும் வைத்துக்கொண்டு இட்லிக் குண்டானை மறுபடி ஏற்றிய பெண்களும் இதே சாலையோரத்தில் இருந்தார்கள்.

ஒரு கணக்குச் சொல்கிறேன், கவனி. நாற்பது நாற்காலிக் கடை. அனுமதி இருபதுக்கு. மதியம் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை சாப்பாட்டு நேரம். ஒருவர் முக்கால் மணி நேரம் உட்கார்ந்தால் இருபது நாற்காலியில் எண்பது இலை. இலை விரித்த கையோடு சோறு வந்து, கேட்பதற்கு முன்பே ரசம் வந்து, பில்லுக்குக் காக்க வைக்காமல் அரை மணியில் அவரை மனம் நிறைய அனுப்பினால் நூற்றிருபது இலை. நாற்பது நாற்காலி இருந்த காலத்தில், மெத்தனமாக நடத்திய கடையில் நூற்றறுபது. பாதி பறிபோனது என்று நினைத்தோமே, அதில் பாதியை நம் வேகம் மீட்டுக்கொடுக்கிறது! அரசாணை நாற்காலியை எண்ணியது. உன் கால் ஓட்டத்தையும் கைப்பதத்தையும் எந்த அரசாணையும் பாதியாக்கவில்லை. மிச்சம் நாற்பதைப் பார்சலில் எடு. வாழை இலையில் கட்டி, குழம்பு சிந்தாமல், வண்டியில் உட்கார்ந்து சாப்பிடத் தோதாகக் கொடு. காரிலிருந்து இறங்கப் பயந்த குடும்பத்துக்குக் கார்க் கதவே சாப்பாட்டு மேசை என்று புரிந்துகொண்டவன் அந்த ஆண்டைக் கடந்தான்.

மாஸ்டர் ஊருக்குப் போனவர் திரும்பவில்லை என்று எத்தனை முதலாளிகள் கையைப் பிசைந்தார்கள்! வெளி மாநிலத் தொழிலாளர்கள் சிறப்பு ரயில் ஏறிப் போய்விட்டார்கள். அப்போது கல்லாவிலிருந்து எழுந்து சமையலறைக்குள் போன முதலாளியை நான் மதிக்கிறேன். வருஷக் கணக்காகக் காசு மட்டும் எண்ணிய கை மாவு பிசையக் கற்றது. தன் கடைச் சாம்பாரில் என்ன குறை என்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது. தொழிலின் ஒவ்வொரு வேலையையும் நீயே செய்யத் தெரிந்துகொள், தம்பி. ஒருவர் விட்டுப்போனால் உன் கடை நிற்கிறது என்றால், அந்தக் கடை உன்னுடையது என்று எப்படிச் சொல்வாய்?

இரண்டாவது அடி 2021-இல் விழுந்தது. ஏப்ரல் 20-இலிருந்து இரவு பத்து மணி முதல் காலை நான்கு மணி வரை ஊரடங்கு. மற்ற ஊர்களுக்கு அது தூங்கும் நேரம். விக்கிரவாண்டிக்கு அதுதான் கல்லா நிரம்பும் நேரம். தொலைதூர பஸ்கள் பகலில் மட்டும் ஓடின. நள்ளிரவில் பசியோடு வரும் பஸ்ஸுக்காகவே அமைந்த கடைகள் என்ன செய்யும்? மே 10-இல் முழு ஊரடங்கு வந்தது. ஜூலை 5-இல்தான் மாநிலம் முழுக்க ஒரே மாதிரித் தளர்வு, மறுபடி பாதி நாற்காலி. 2022 ஜனவரி 6-இல் மூன்றாம் அலையோடு இரவு ஊரடங்கும் திரும்பியது. 28-ஆம் தேதி போனது. முதல் முறை விழுந்தவன் எழுந்திருப்பது பெரிய விஷயம்தான். எழுந்து நின்று தூசி தட்டும்போதே மறுபடி தள்ளப்பட்டவன், மூன்றாம் முறையும் அடுப்புக்குத் தீக்குச்சி கிழித்தானே, அவன் தைரியத்துக்கு ஈடாக எதைச் சொல்வது! அதற்குள் 2021 நவம்பரில் 19 கிலோ வணிக சிலிண்டர் விலை சென்னையில் 2,000 ரூபாயைத் தாண்டியிருந்தது. கூட்டம் வரும்போது கேஸ் விலையும் கூடவே வந்தது.

ஒன்றை நேராகச் சொல்லிவிடுகிறேன். அந்த இரண்டு ஆண்டுகளில் கடையை மூடியவர்கள் எல்லோரும் கோழைகள் என்று யாராவது மேடையில் பேசினால் நம்பாதே. உயிரைக் காக்க மூடியவர்கள் உண்டு. வீட்டில் ஒருவரைப் பறிகொடுத்து மூடியவர்கள் உண்டு. தினவட்டிக்காரன் வாசலில் உட்கார்ந்ததால் மூடியவர்கள் உண்டு. தமிழ்நாட்டுக்கு 2019-இல் சுமார் 49 கோடி உள்நாட்டுச் சுற்றுலாப் பயண வருகைகள் பதிவாயின. 2020-இல் அது 14 கோடி. 2021-இல் 11.5 கோடி. நான்கு பேர் வந்த இடத்தில் ஒருவர் மட்டுமே வந்த ஆண்டில் தோற்றது தனி மனிதனின் குற்றமாகாது. ஆனால் தோற்ற கடையோடு தன்னையும் சேர்த்துப் புதைத்துக்கொள்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கடை மூடப்பட்டது, உன் கை மூடப்படவில்லை. 2022-இல் அந்த எண்ணிக்கை 21 கோடியைத் தாண்டி ஏறியது. வந்தவர்கள் சாப்பிட்டார்கள், தங்கினார்கள், டீ கேட்டார்கள். அன்று அடுப்போடு தயாராக நின்றவன் விற்றான்.

அந்த ஆண்டுகளின் கோயில்களைப் பார். மேல்மலையனூர் அமாவாசைக்குக் கூட்டம் கூடத் தடை. திருவண்ணாமலை கிரிவலத்துக்கு இரண்டு ஆண்டுகள் தடை இருந்தது. கூவாகம் திருவிழா 2020-இலும் 2021-இலும் இல்லை. 2022-இல்தான் மறுபடி நடந்தது. இந்தக் கூட்டங்களை நம்பிப் பூ கட்டியவர், வளையல் விற்றவர், விழுப்புரம் லாட்ஜில் அறை துடைத்தவர் யாருக்கும் மாதச் சம்பளம் கிடையாது. ஆனாலும் தடை நீங்கிய முதல் அமாவாசைக்கு எலுமிச்சை மாலையோடு கடை போட்டார்களே, அவர்களிடம் போய்த் தன்னம்பிக்கை கற்றுக்கொள்.

தங்கச்சி, இப்போது உன் கதைக்கு வருகிறேன். நீ டோல்கேட்டுக்குத் திரும்பியபோது டோல்கேட்டே மாறியிருந்தது. 2021 பிப்ரவரி 15 நள்ளிரவிலிருந்து ஃபாஸ்டேக் கட்டாயம். சில்லறை தேடி நிற்கும் கார் வரிசை குறைந்தது. வண்டி நின்றால்தானே ஜன்னல் இறங்கும்? ஜன்னல் இறங்கினால்தானே கடலைப் பொட்டலம் உள்ளே போகும்? ஊரடங்கைத் தளர்த்திய அரசாணையில் உனக்கு எந்தத் தளர்வும் இல்லை. சாலை திரும்பியது, உன் சந்தை திரும்பவில்லை. இதை யாரும் உனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை என்பது எனக்கு இன்றும் வலிக்கிறது.

ஆனால் நீ அழுது முடித்துவிட்டு யோசி. கார் ஓடுகிற இடத்தில் உனக்கு வேலை இல்லை. கார் நிற்கிற இடம் எது? டீக்கடை வாசல், பெட்ரோல் பங்க் முன்புறம், கும்பகோணம் சாலை பிரியும் இடத்து மர நிழல். அங்கே போ. கூடையோடு ஓடிய நீ ஒரு மேசை போட்டு உட்கார். அவித்த கடலையோடு வறுத்த கடலையையும் பொட்டலம் கட்டிக் கால் கிலோ, அரைக் கிலோ என்று வை. இந்த மண்ணின் மணிலாக்கொட்டைக்கு வெளியூரில் மதிப்பு உண்டு. தை மாதம் பனங்கிழங்கு, கோடையில் நுங்கு. தெருவோர வியாபாரிகளுக்காக 2020 ஜூனில் வந்த பிரதமர் ஸ்வநிதி திட்டத்தில் முதலில் 10,000 ரூபாய் கடன். ஒழுங்காகக் கட்டினால் அடுத்து 20,000, அதற்கடுத்து 50,000 என்று அமைத்தார்கள். இப்படி ஏதாவது அறிவிப்பு வந்தால் பேரூராட்சி அலுவலகப் படியேறிக் கேள். ஒரு முறை இல்லை என்றால் மறு முறை போ. கேட்பதில் என்ன வெட்கம்? நீ கேட்பது பிச்சையில்லை, திருப்பிக் கட்டப்போகும் கடன்.

இன்னொரு உண்மையையும் பேசாமல் போக முடியாது. நெடுஞ்சாலையோரச் சாப்பாடு என்றாலே பயணிகளுக்கு ஒரு பயம் இருக்கிறது. விலை அதிகம், ருசி குறைவு, கழிப்பறை பக்கம் மூக்கைப் பொத்திக்கொண்டு போக வேண்டும், கேட்டால் சப்ளையர் முறைப்பார். இந்தக் கெட்ட பெயர் தொற்றுநோய்க்கு முந்தியது. பஸ் எப்படியும் நிற்கும், பயணி எப்படியும் இறங்குவான், போக்கிடம் அவனுக்கு ஏது என்ற திமிரில் சிலர் நடத்தினார்கள். ஊரடங்குக்குப் பிறகு அந்தக் கணக்கும் உடைந்தது. கையில் போனை வைத்திருக்கும் பயணி, எந்தக் கடை சுத்தம் என்று முந்தைய ஊரிலேயே பார்த்துவிட்டு வருகிறான். சோப்பு இருக்கிறதா, மேசை துடைத்திருக்கிறதா என்று பார்க்கும் கண் அந்த ஆண்டுகளில் வந்தது. அந்தக் கண்ணுக்கு முன்னால் தலைநிமிர்ந்து நில். நேர்மையான விலைப்பலகையை வாசலில் வை. பாதி இரவில் இறங்கி வரும் வயதான அம்மா வெந்நீர் கேட்டால் காசு வாங்காமல் கொடு. தன்மானம் என்பதை நெஞ்சை நிமிர்த்திப் பேசுவதில் தேடாதே. உன் தோசைக்கல்லில் தேடு.

சாலை இனியும் நிற்கும், தம்பி. 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையில் ரயில் பாலத்தின் அடியில் வெள்ளம் அபாய அளவைத் தொட, ரயில்கள் நின்றன. மறுபடியும் அதே ஊர், அதே நிறுத்தம். அப்போதும் அடுப்பை உயரத்தில் தூக்கி வைத்துச் சோறு பொங்கியவன், 2020-இல் பாதிக் கதவில் பழகியவன்தான்.

சாலை நிற்பது போலவே புதிய கூட்டமும் வரும். அதனால் செஞ்சிக் கோட்டையைப் பற்றியும் சொல்ல வேண்டும். திண்டிவனத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலை. 1677-இல் சிவாஜி பிடித்த கோட்டை. பிறகு அவர் மகன் ராஜாராமைப் பிடிக்க வந்த முகலாயப் படை, 1690-லிருந்து 1698 வரை முற்றுகையிட்டது. ஏறத்தாழ எட்டு ஆண்டுகள்! நாம் அடைபட்டிருந்தது இரண்டு ஆண்டு, அதுவும் விட்டு விட்டு. அந்தக் கோட்டை 2025 ஜூலையில் மராட்டியப் படைத்தளங்களில் ஒன்றாக யுனெஸ்கோ உலக மரபுச் சின்னப் பட்டியலில் சேர்ந்திருக்கிறது. மகாராஷ்டிரத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வரத் தொடங்கினால் அவர்களுக்கு மலையேறுமுன் மோர் கொடுப்பது யார்? இறங்கியதும் சப்பாத்தியும் நம் ஊர்ச் சாம்பாரும் பரிமாறுவது யார்? வழிகாட்டியாக இந்தி நாலு வார்த்தையும் மராத்தி நாலு வார்த்தையும் கற்றுக்கொண்டு முதல் படிக்கட்டில் நிற்கப்போகும் பையன் யார்? பெரிய நிறுவனம் வந்து பலகை மாட்டிய பிறகு அங்கே வேலை கேட்டு வரிசையில் நிற்கப்போகிறாயா? ஒரு சனிக்கிழமை பஸ் ஏறிச் செஞ்சிக்குப் போ. ராஜகிரியில் ஏறி இறங்கி, எங்கே தாகம் எடுத்தது, எங்கே உட்கார இடம் இல்லாமல் தவித்தாய், எங்கே ஒரு பெண் கழிப்பறை கேட்டு அலைந்தாள் என்று குறித்துக்கொள். உன் தொழில் அந்தக் குறிப்பில் இருக்கிறது. ஏற்கெனவே கடை வைத்திருக்கிறாய் என்றால் செஞ்சிக்குக்கூடப் போக வேண்டாம். உன் கடைக் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா என்று இன்றைக்கே எழுந்து போய்ப் பார்.