முதலாளிக்கு வயது 19!

நேற்று பத்துப் பேர், இன்று நூறு பேர், நாளை ஆயிரம் பேர் என்று வளருகிற கம்பெனிகளில் நம் வீட்டுப் பிள்ளைகள் அநேகர் வேலை பார்க்கிறார்கள். முதலாளிக்கோ அனுபவமில்லை. அவர் போகிற வழி தப்பு என்று தெரிந்தால் ஊழியன் என்ன செய்ய வேண்டும்? “நமக்கெதுக்கு வம்பு, மாசம் பொறந்தா சம்பளம் வருதில்ல” என்று இருந்துவிடலாமா?

அமெரிக்காவில் நடந்ததைக் கவனியுங்கள். 2003-ம் வருஷம் எலிசபெத் ஹோம்ஸ் என்ற 19 வயதுப் பெண் தெரனோஸ் என்னும் கம்பெனியை ஆரம்பித்தார். விரல் நுனியில் எடுக்கும் சில சொட்டு ரத்தத்திலே ஏராளமான பரிசோதனைகளைச் செய்யலாம் என்றார். 2014-ல் கம்பெனியின் மதிப்பு சுமார் 900 கோடி டாலர்! முன்னாள் வெளியுறவு அமைச்சர்களான ஜார்ஜ் ஷுல்ட்ஸும் ஹென்றி கிஸிஞ்சரும் அதன் இயக்குநர்கள். பேர் பெரிது, ஆனால் ரத்தப் பரிசோதனைக் கூடம் நடத்திப் பழகியவர்களா? இல்லை.

உள்ளே இருந்த நிலைமை என்ன? படிப்பு முடித்து 2013-ல் பரிசோதனைக் கூடத்தில் சேர்ந்த எரிகா சங், கருவி சரியாக வேலை செய்யவில்லை என்று கண்டார். ஒத்துவராத அளவுகளை நீக்கிவிட்டு, சோதனை தேறியதாகக் காட்டினார்கள். ஜார்ஜ் ஷுல்ட்ஸின் பேரன் டைலரும் அங்கே ஊழியர். அவர் 2014-ல் ஹோம்ஸுக்கே எழுதினார். பலனில்லை. இருவரும் வேலையை விட்டார்கள். 2015-ல் எரிகா அரசு அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதினார். டைலர் பத்திரிகைக்கு உண்மையைச் சொன்னார். டைலர் குடும்பத்துக்கு வக்கீல் செலவு மட்டும் 4 லட்சம் டாலருக்கு மேல்! 2018-ல் கம்பெனி மூடப்பட்டது. முதலீட்டாளர்களை ஏமாற்றிய குற்றத்துக்காக 2022-ல் ஹோம்ஸுக்கு 11 ஆண்டுகளுக்கு மேல் சிறைத்தண்டனை.

அப்படியானால் இளவயதுதான் குற்றமா? இல்லவே இல்லை! கூகுளை 1998-ல் தொடங்கிய லாரி பேஜுக்கும் செர்கே பிரினுக்கும் வயது 25. 2001-ல் அவர்கள் 46 வயதான எரிக் ஷ்மிட்டைத் தலைமை நிர்வாகியாக வைத்துக்கொண்டார்கள். அனுபவம் இல்லாதது குறை அல்ல. புத்தி சொல்பவனைச் சத்துருவாக எண்ணுவதே குறை.

அருமையான தம்பி, தங்கச்சி, உங்கள் தலைவர் தடுமாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள். தெரியாததைத் தாழ்மையோடு சொல்லிக்கொடுங்கள். முதலில் நேரில் பேசுங்கள். பிறகு எழுதிக் கொடுங்கள். ஆனால் பொய்யான கணக்கில் உங்கள் கை படவேண்டாம். “அவர் சொன்னார், நான் செய்தேன்” என்பது எந்த மனச்சாட்சிக்கும் பதில் அல்ல. அந்த ரத்தச் சொட்டுக்குப் பின்னால் ஒரு தகப்பனோ, ஒரு கர்ப்பிணித் தாயோ தன் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருந்தார்களே!

“குடும்பம் இருக்கே, வேலை போயிட்டா?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். நாளைக்கே ராஜினாமா செய்ய எல்லாராலும் முடியாது. வேறு வேலை தேட அவகாசம் எடுங்கள். அதுவரை பொய்க்குக் கையெழுத்துப் போடாதிருக்க யாராலும் முடியும்.

முதலாளிக்குக் கைதட்ட ஆயிரம் பேர் உண்டு. உண்மையைச் சொல்ல ஒருவன் உண்டா? அவனே அந்தக் கம்பெனிக்கு உண்மையுள்ள ஊழியன். அந்த ஒருவன் நீங்களா?