இளமையில் வாய்த்த மேதைமை யாருடைய சொத்து?

குழந்தை மேதை என்று ஒரு பிள்ளையைக் கொண்டாடுகிறோம். அம்மேதைமை யாருடையது என்று ஆராய்வதில்லை.

நம் காங்கேயத்துக்கு அணித்தான ஈரோட்டில் 1887இல் பிறந்த கணிதமேதை ஸ்ரீநிவாஸ ராமாநுஜன், தமக்குத் தோன்றியவற்றை நாமக்கல் நாமகிரித் தாயாரின் அருளாகவே கருதினார். கல்லூரியிலோ, மற்றப் பாடங்களில் தேறாமையால் உதவித்தொகையை இழந்தார். 1913இல் அவர் வரைந்த கடிதத்தைக் கேம்பிரிட்ஜில் ஹார்டி ஊன்றிப் படித்தார். அதன் பின்னரே உலகம் அவரை அறிந்தது.

ஸ்வாமி நம்மாழ்வாருக்கு ஒப்பாவார் இலர். ஆயினும் அவர் சரிதமும் நமக்கு ஒன்றை உணர்த்துகிறது. திருப்புளியாழ்வாரடியில் 16 ஆண்டுகள் மௌனமாய் எழுந்தருளியிருந்தவர், வயதில் மூத்த மதுரகவிகள் வந்து வினவியபோதே திருவாய் மலர்ந்தார் என்பர் பூர்வர்கள். மூத்தவர் சிஷ்யரானார்.

வங்கிப் பணியில் நாம் கற்றது இது: வைப்புத்தொகை வங்கியின் லாபமன்று, உரியவருக்குத் திருப்பித் தர வேண்டிய கடன். குழந்தையின் திறமையும் அத்தகையதே. அது பெற்றோர்க்கும் உரியதன்று, பிள்ளைக்கும் உரியதன்று, எம்பெருமான் வைத்தது. ஆகவே பாசுரங்களை மழலையில் ஒப்பிக்கும் பிள்ளையைப் போட்டிதோறும் அலைக்கழியாமல், அருகிருந்து கேட்போமாக.

நாளை அத்திறமை குன்றினும் குன்றுக. அப்பிள்ளை அவனுக்குச் சேஷபூதன் என்னும் பெருமை ஒருநாளும் குன்றாது.