ஹராமை ஹலாலாக்கும் சமாதானம்

சமாதானம் இனியது. பகை கொண்டு நிற்கும் இருவரிடையே புகுந்து இணக்கம் செய்து வைப்பதைத் திருமறை நற்செயலாகப் போற்றுகின்றது. நம் ஊர்களில் ஜமாஅத்துப் பெரியவர்கள் பாகப் பிரிவினைச் சண்டைகளைப் பள்ளிவாசலில் வைத்தே தீர்த்து அனுப்புவது அம்மரபின் வழிப்பட்டதே. ஆயினும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இதற்கு ஓர் எல்லையும் வகுத்தார்கள். சமாதானம் ஆகுமானது, ஹலாலை ஹராமாகவும் ஹராமை ஹலாலாகவும் ஆக்கிவிடும் சமாதானம் ஆகாது என்பது திர்மிதீயில் காணப்படும் ஹதீஸின் கருத்து. இவ்வெல்லை எதற்கு? சண்டையை விடச் சமாதானம் எப்படியும் மேலல்லவா? இவ்வாறு கேட்போருக்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வரலாறு விடை கூறும்.

1776இல் எல்லா மனிதரும் சமம் என்று அறிவித்துப் பிறந்த நாடு அது. 1787இல் பிலடெல்பியா நகரில் கூடி அரசியல் சட்டம் வகுத்தபோது, அடிமைகளை மிகுதியாக உடைய தென் மாநிலங்கள் தம் உடைமைக்குப் பாதுகாப்புக் கேட்டன. வட மாநிலத்தார் இணங்கினர். ஐந்து அடிமைகளை மூன்று பேராகக் கணக்கிட்டுத் தென்னவர்க்குக் கூடுதல் பிரதிநிதிகளை வழங்குவதென்றும், 1808ஆம் ஆண்டுக்கு முன் அடிமை இறக்குமதியைத் தடை செய்யலாகாதென்றும், தப்பியோடியவர்களை ஒப்படைக்க வேண்டுமென்றும் எழுதிக்கொண்டனர். ஆனால் அச்சட்டத்தில் 'அடிமை' என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. வேறு சொற்களால் சுற்றி வளைத்தே எழுதினார்கள். செய்வது தவறு என்ற வெட்கம் அவர்களுக்கு இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

இக்கொடுமை காலப்போக்கில் தானே தேய்ந்து மறையும் என்று பலர் நம்பினர். நடந்தது வேறு. 1793இல் ஈலை விட்னி என்பவர் பருத்தியிலிருந்து கொட்டையை விரைந்து நீக்கும் பொறியைச் செய்தார். தென்னாட்டு நிலமெங்கும் பருத்தி பரவியது. இங்கிலாந்தின் ஆலைகளும் வட அமெரிக்க ஆலைகளும் அப்பருத்தியை வாங்கின. நியூயார்க் வணிகர்கள் அதற்குக் கடன் கொடுத்தனர். 1790இல் ஏறத்தாழ 7 லட்சமாக இருந்த அடிமைகளின் தொகை, 1860இல் ஏறத்தாழ 40 லட்சமாயிற்று. இலாபத்தில் பங்கு பெற்ற வடக்கின் கைகளிலும் கறை இருந்தது.

நாடு மேற்கே விரிய விரிய, புதிதாகச் சேரும் மாநிலம் அடிமை மாநிலமா, சுதந்திர மாநிலமா என்ற வழக்கு மூண்டது. 1820இல் மிஸ்ஸூரியை அடிமை மாநிலமாகவும் மெய்னைச் சுதந்திர மாநிலமாகவும் சேர்த்துச் சமன் செய்தனர். எஞ்சிய மேற்கு நிலத்தில் 36 பாகை 30 கலை அட்சரேகைக்கு வடக்கே அடிமைமுறை கூடாதென்று கோடு கிழித்தனர். கோட்டின் ஒரு புறம் குற்றமாக இருந்தது மறுபுறம் உரிமையாயிற்று. நாடு அமைதி பெற்றதாக மகிழ்ந்தது.

இந்த அமைதிக்குள்ளே ஒரு மாற்றம் நிகழ்ந்துகொண்டிருந்தது. நாட்டை நிறுவிய தலைமுறையினர், தாமே அடிமைகளை வைத்திருந்தும், அதைத் தீமை என்று ஒப்புக்கொண்டவர்கள். 1837இல் தென் கரோலினாவின் ஜான் கால்ஹூன், அடிமைமுறை தீமையன்று, நன்மையே என்று செனட் சபையில் வாதாடினார். அதற்கு முந்தைய ஆண்டிலேயே, அடிமை ஒழிப்பு மனுக்களை விவாதிக்காமல் ஒதுக்கிவிடுவதெனப் பிரதிநிதிகள் சபை முடிவு செய்திருந்தது. முன்னாள் ஜனாதிபதி ஜான் குவின்ஸி ஆடம்ஸ் ஆண்டுக்கணக்கில் போராடிய பின்னரே, 1844இல் அவ்விதி நீங்கியது. பாவத்தைப் பாவமென்று அறிந்தவனுக்குத் தவ்பாவின் வாசல் திறந்திருக்கின்றது. அதையே புண்ணியம் என்று கூறத் தொடங்கியவன் அவ்வாசலைத் தன் கையாலேயே அடைத்துக்கொள்கிறான்.

1850இல் மீண்டும் ஓர் உடன்பாடு. கலிபோர்னியா சுதந்திர மாநிலமாயிற்று. அதற்கு ஈடாகத் தப்பியோடியவர்களைப் பிடிக்கும் சட்டம் கடுமையாக்கப்பட்டது. பிடிபட்டவர் தமக்காகத் தாமே சாட்சி சொல்ல இயலாது. ஜூரி விசாரணை கிடையாது. அவரை எஜமானிடம் அனுப்பத் தீர்ப்பளிக்கும் அதிகாரிக்கு 10 டாலர் ஊதியம். விடுவித்தால் 5 டாலர். 1854இல் பாஸ்டன் நகரில் அந்தோணி பர்ன்ஸ் என்பவரைப் படை வீரர்கள் சூழத் தெரு வழியே கப்பலுக்கு நடத்திச் சென்றபோது, அடிமைமுறை தொலைவில் நிகழும் செய்தி என்றிருந்தவர்கள் அதைத் தம் வாசலிலேயே கண்டார்கள்.

அதே ஆண்டில் 1820ஆம் ஆண்டின் கோடும் அழிக்கப்பட்டது. கான்ஸாஸ், நெப்ராஸ்கா நிலங்களில் குடியேறுவோரே வாக்களித்து முடிவு செய்யட்டும் என்றனர். மனிதன் மனிதனா, உடைமையா என்பது வாக்கெடுப்புக்குரிய பொருளாயிற்று. கான்ஸாஸில் இரத்தம் சிந்தியது. 1856இல் அடிமைமுறையைக் கண்டித்துப் பேசிய செனட்டர் சார்லஸ் சம்னரை, தென்னாட்டுப் பிரதிநிதி ஒருவர் சபைக்குள்ளேயே கைத்தடியால் அடித்து வீழ்த்தினார். 1857இல் ட்ரெட் ஸ்காட் வழக்கில், கறுப்பினத்தார் நாட்டின் குடிமக்களாக முடியாதென்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புரைத்தது. 1859இல் ஜான் பிரவுன் ஹார்ப்பர்ஸ் பெர்ரியில் ஆயுதம் ஏந்தித் தூக்கிலேறினார்.

1860இல் ஆபிரகாம் லிங்கன் ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அடிமைமுறை உள்ள மாநிலங்களில் அதைத் தொடேன். புதிய நிலங்களில் பரவ விடேன் என்பதே அவர் அன்று கூறியது. அதையும் பொறாமல் தென் மாநிலங்கள் பிரிந்தன. அவர்கள் அமைத்த புதிய அரசின் துணைத் தலைவர் அலெக்ஸாண்டர் ஸ்டீபன்ஸ், கறுப்பர் வெள்ளையர்க்குச் சமமல்லர் என்பதே தம் அரசின் மூலைக்கல் என்று வெளிப்படையாகப் பேசினார். 1861 ஏப்ரல் 12இல் சம்டர் கோட்டையில் பீரங்கி முழங்கியது. நான்கு ஆண்டுப் போரில் 6 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1865 டிசம்பரில் அடிமைமுறை சட்டத்தால் ஒழிந்தது.

இங்கே நியாயமான ஒரு கேள்வி எழும். 1787இல் இணங்கியிராவிட்டால் அந்த நாடே உருவாகியிராது. 1850இல் இணங்கியிராவிட்டால் போர் முன்னதாகவே மூண்டு, வடக்கு தோற்றிருக்கவும் கூடும். ஆகவே சமரசம் செய்தோர் விவேகிகளே என்று வாதிடலாம். இவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் அந்த விவேகத்திற்கு விலை கொடுத்தவர் யார்? உடன்பாட்டு மேசையில் அமர்ந்தவர் ஒருவரும் கொடுக்கவில்லை. ஒவ்வொரு தவணைக்கும் முதுகிலே கசையடி வாங்கியவர்களும், சந்தையில் பிள்ளையைப் பிரிந்த தாய்மார்களுமே கொடுத்தார்கள். அவர்களை ஒருவரும் கேட்கவில்லை. பிறருடைய பொறுமையைச் செலவிட்டுத் தாம் பெறும் அமைதியை விவேகம் என்பது எங்ஙனம்?

அவ்வாறு கேட்கப்படாதவர்களுள் நம் மார்க்கத்தவரும் இருந்தனர். ஆப்பிரிக்காவின் பூட்டா தோரோவில் மார்க்கக் கல்வி கற்ற உமர் இப்னு ஸயீத், 1807இல் சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் விற்கப்பட்டார். கொடிய எஜமானிடமிருந்து தப்பியோடிச் சிறைப்பட்டபோது, சிறைச் சுவர்களில் அரபியில் எழுதினார். 1831இல் தம் வரலாற்றையும் அரபியிலேயே எழுதினார். அதன் முகப்பில் அவர் வைத்தது ஸூரத்துல் முல்க். ஆட்சியெல்லாம் அல்லாஹ்வின் கையில் என்று தொடங்கும் அத்தியாயத்தை, மனிதன் மனிதனை உடைமையாக்கிய நாட்டில் ஓர் அடிமை எழுதி வைத்தார். போர் முடியுமுன், விடுதலை காணாமலேயே அவர் மறைந்தார்.

இதைக் கூறி நாம் பெருமை கொள்ளவும் இயலாது. கழுத்தை விடுவிப்பதைக் கடினமான ஏற்றமென்று காட்டிய வேதமும், ஹஜ்ரத் பிலால் (ரலி) அவர்களின் வரலாறும் நம்மிடம் இருந்தன. துனீசியாவின் அஹ்மத் பே 1846இல், ஹனபி, மாலிகி முப்திகளின் இசைவோடு, அமெரிக்காவுக்கு முன்பே அடிமைமுறையை ஒழித்தார். ஆயினும் சவூதி அரேபியாவில் அது 1962இலும், மௌரித்தானியாவில் 1981இலுமே சட்டத்தால் ஒழிந்தது. பழகிய தீமையைப் பொறுத்துக்கொண்டு அமைதி காக்கும் குணம் எல்லாச் சமுதாயத்திற்கும் உரியது.

ஆகவே எந்தச் சமாதானத்திலும் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: இதற்கு விலை கொடுப்பவர் இம்மன்றத்தில் இருக்கிறாரா? குடும்ப ஒற்றுமையின் பெயரால் சகோதரியின் பாகத்தை விட்டுக்கொடுக்கச் சொல்லும் அண்ணன் தம்பிமாரும், அதற்குத் தலையசைக்கும் பெரியவர்களும் இக்கேள்வியைத் தம்மிடமே கேட்டுக்கொள்வார்களாக. அன்று சண்டை ஓயும்; கணக்கு ஓயாது. அதைத் தீர்க்கும் நாளில், கையொப்பமிட்டவர்களோடு அவர்களுடைய பிள்ளைகளும் சேர்ந்தே கொடுக்க நேரும்.