மௌனமும் அற்புதமும்

இந்தக் கோடையில் நான் கண்ட திரைப்படங்களுள், ஸ்வீடன் தேசத்து இங்மார் பெர்க்மன் 1957-இல் எடுத்த ‘ஏழாவது முத்திரை’யில், சிலுவைப் போரிலிருந்து கொள்ளைநோய் பரவிய தாயகத்துக்குத் திரும்பிய வீரன், மரணத்தோடு சதுரங்கம் ஆடியவாறே, நம்பிக்கையால் திருப்தியுறாமல் நிச்சய ஞானத்தை வேண்டித் தவிக்கிறான், கடவுள் வாய் திறப்பதில்லை.

டென்மார்க்கின் கார்ல் டிரையர் 1955-இல் எடுத்த ‘ஓர்டெட்’டிலோ, சமயபேதத்தால் இரு குடும்பத்துப் பெரியவர்கள் விவாதித்துப் பிணங்கியிருக்க, பித்தனென்று கருதப்பட்ட யோஹான்னஸ், பிரசவத்தின் பின் மாண்ட இங்கரின் சவப்பெட்டியருகே நின்று, அவளுடைய சிறுமகள் லேசமும் சந்தேகமின்றித் தன் கையைப் பற்றியிருக்க, இறைவன் நாமத்தால் அழைத்ததும், அவள் உயிர்பெற்று எழுகிறாள். என் பகுத்தறிவு இதை ஏற்க மறுத்தபோதும், என் இருதயம் மறுக்கவில்லை.

லூதரன் போதகரின் புதல்வரான பெர்க்மனின் வேதனை சத்தியமானது. அவ்வீரனைப்போல் நிச்சயத்தை வேண்டிக் கேட்பதும் பக்தியின் ஓர் அவஸ்தையே என்று கருதுகிறேன். ஆயினும், ஆத்திகரும் நாத்திகரும் முதலில் பார்க்கவேண்டியது டிரையரின் படத்தையே.