‘நாம்’ என்பார் யாவர்?

அமெரிக்க உதைபந்தாட்ட இரசிகர்கள் தம்முள் வாதிடும்போது வழங்கும் சொற்களுள் மிகச் சாதாரணமானதும், ஆராயப் புகின் மிகச் சிக்கலானதுமான சொல் ஒன்று உண்டு. ‘நாம்’ என்பதே அது. ‘இவ்வாண்டு நாம் ஒரு குவாட்டர்பாக்கைத் தெரிவுசெய்ய வேண்டும்’, ‘அந்த முதிய ஆட்டக்காரனை நாம் விலக்கிவிட்டால் சம்பளக் கணக்கில் இடம் கிடைக்கும்’, ‘எஞ்சிய மூன்று ஆட்டங்களிலும் நாம் தோற்பதே நல்லது’ என்றெல்லாம் அவர்கள் பேசுவர். பேசுவோர் பேருந்துச் சாரதிகள், தாதியர், ஆசிரியர், ஆலைத் தொழிலாளர். அணியோ நூற்றுக்கணக்கான கோடி டொலர் பெறுமதியுள்ள தனியார் சொத்து. (விஸ்கொன்சின் மாநிலத்துக் கிறீன் பே அணி ஒன்றே விதிவிலக்கு, 1923 முதல் அது சாதாரண மக்களிடம் பங்குகளாகப் பரந்து கிடக்கின்றது.) அவர்கள் கூறும் ‘நாம்’ என்ற சொல்லுள் அடங்குவோர் யார், புறத்தே நிறுத்தப்படுவோர் யார் என்பதே எமது வினா.

எம் வாசகருட் பலர் இவ்வாட்டத்தைக் கண்டிருக்கமாட்டார்கள். நாம் உதைபந்தாட்டம் என்று கூறுவதற்கும் இதற்கும் பெயரளவிலேயே உறவு. பந்தைப் பெரும்பாலும் கையிற் கொண்டே ஓடுவர், கையாலேயே எறிவர், எதிரியை உடலால் மோதி வீழ்த்துவர். எறிதலை நடத்தும் தலைமை ஆட்டக்காரனே குவாட்டர்பாக். தேசிய உதைபந்தாட்ட லீக்கில் 32 அணிகள். அணி ஒன்றில் 53 பேர். ஆண்டுதோறும் ஏப்ரல் மாதத்தில், பல்கலைக்கழகங்களில் ஆடி முடித்த இளைஞர்களை அணிகள் தம்முட் பங்கிட்டுக் கொள்கின்றன. இதனை ‘டிராப்ட்’ என்பர். தெரிவு என்று நாம் கூறலாம். முந்திய பருவத்தில் மிகவும் தாழ்ந்து நின்ற அணி முதலில் தெரிவுசெய்யும். வாகை சூடிய அணி இறுதியில் தெரிவுசெய்யும். இவ்வாறு ஏழு சுற்றுகளில் ஏறத்தாழ 250 பேர் பங்கிடப்படுவர். தெரிவுசெய்யப்பட்டவன் அந்த ஓர் அணியுடனேயே ஒப்பந்தம் பேசலாம். அவ்வணி தன் உரிமையைப் பிறிதோர் அணிக்கு மாற்றினாலன்றி, அவ்வாண்டில் வேறிடத்தில் வேலை தேட அவனுக்கு வழியில்லை. 2011 ஆம் ஆண்டின் உடன்படிக்கைக்குப் பின்னர், எத்தனையாவது ஆளாகத் தெரிவானான் என்பதே அவனது முதல் நான்காண்டுச் சம்பளத்தைப் பெரிதும் நிர்ணயிக்கின்றது.

வலியோரைக் காக்கவைத்து மெலியோருக்கு முதலிடம் அளிக்கும் இம்முறையைக் கண்டு, முதலாளித்துவத்தின் கோட்டைக்குள்ளே பொதுவுடைமை முளைத்துவிட்டதோ என்று வியப்போரும் உளர். நகைச்சுவையாகவே அவ்வாறு கூறுவர். எனினும் அக்கூற்றைச் சற்று நின்று நோக்குதல் தகும். சமத்துவம் என்ற சொல் செவியில் விழுந்ததும் மகிழ்ந்துவிடாது, யாருக்கும் யாருக்கும் இடையிலான சமத்துவம் என்று கேட்பதன்றோ எமது கடமை?

இம்முறையை 1935 இல் முன்மொழிந்தவர் பிலடெல்பியா ஈகிள்ஸ் அணியின் உடைமையாளர் பேர்ட் பெல். சிறந்த இளைஞர்கள் வசதி படைத்த அணிகளையே நாடினர். அவர்களைப் பெறும் போட்டியிலே சம்பளம் ஏறியது. 1936 பெப்ரவரி 8 ஆந் திகதி பிலடெல்பியா நகரின் ஹோட்டல் ஒன்றில் கூடிய உடைமையாளர்கள், ஒன்பது அணிகளுக்கு ஒன்பது சுற்றுகளில் 81 பெயர்களைப் பங்கிட்டனர். அப்பருவத்தில் கடைசி இடத்தில் நின்றது பெல்லின் அணியே; ஆகவே முதல் தெரிவும் அவருடையதாயிற்று. அவர் தெரிவுசெய்தவர் சிக்காகோப் பல்கலைக்கழகத்து ஜே பேர்வாங்கர். தலைசிறந்த கல்லூரி ஆட்டக்காரர் என்று பரிசு பெற்ற அவர், கேட்ட சம்பளம் கிடையாமையால் இறப்பர்ப் பொருள் விற்கும் தொழிலுக்குச் சென்றுவிட்டார். லீக்கில் ஓர் ஆட்டமேனும் ஆடவில்லை. உதைபந்தாட்ட வரலாற்றின் முதலாவது தெரிவு, தெரிவுசெய்யப்பட்டவரின் மறுப்பில் முடிந்தது என்பதை ஆண்டுதோறும் இவ்விழாவைக் கொண்டாடுவோர் வேடிக்கைச் செய்தியாகவே நினைவுகூர்கின்றனர்.

உடைமையாளர்களுக்கு இடையே சமத்துவம் பிறந்தது. அச்சமத்துவத்துக்கு விலையாகத் தொழிலாளி தன் முதலாளியைத் தேர்ந்துகொள்ளும் உரிமையை இழந்தான். இதனை நாம் மட்டும் கூறவில்லை. 1968 இல் வாஷிங்டன் அணியாற் தெரிவுசெய்யப்பட்ட ஜேம்ஸ் ஸ்மித் என்பார், தமது முதற் பருவத்தின் இறுதி ஆட்டத்திலே கழுத்தில் காயமுற்று, மீண்டும் ஆட இயலாதவரானார். தம் உழைப்பின் உண்மை விலையைப் பெறவிடாது இம்முறை தடுத்தது என்று அவர் வழக்குத் தொடுத்தார். 1968 இல் நடைபெற்றவாறான தெரிவு, வியாபாரப் போட்டியை நியாயமற்ற முறையிற் தடுப்பதே என்று 1978 இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. ஆனால் அதற்கு முந்திய ஆண்டே லீக்கும் ஆட்டக்காரர் சங்கமும் செய்துகொண்ட கூட்டு உடன்படிக்கையில் தெரிவு முறை இடம்பெற்றுவிட்டது. தொழிற்சங்கத்தின் ஒப்புதல் பெற்றமையால் சட்டத்தின் வாள் கூர் மழுங்கியது. தொழிற்சங்கத்தை மதிப்போராகிய எமக்கு இவ்விடம் சங்கடமானதே. எனினும் ஒன்று: அவ்வுடன்படிக்கைகளில் ஒப்பமிடுவோர் ஏற்கெனவே லீக்கில் ஆடிக்கொண்டிருப்போர், தெரிவுக்குக் காத்திருக்கும் இளைஞன் அப்போது சங்கத்தின் அங்கத்தவனல்லன். இல்லாதவனுடைய உரிமையை இருப்பவர்கள் பேரம்பேசி விட்டுக்கொடுத்தல் எளிது.

தெரிவு முறை இல்லையெனிற் பெருநகர அணிகளே சிறந்தோர் அனைவரையும் வாங்கிவிடுமே என்பர். வலுவான வாதந்தான். ஐரோப்பிய உதைபந்தாட்டத்தில் ஒரு சில செல்வக் கழகங்களே ஆண்டுதோறும் கிண்ணங்களைப் பங்கிட்டுக்கொள்வதைக் காணாதார் யார்? ஆயினும் அமெரிக்க லீக்கில் தொலைக்காட்சி வருமானம் 1960 களின் தொடக்கம் முதல் எல்லா அணிகளுக்கும் சமமாகப் பிரிக்கப்படுகின்றது. 1994 முதல் சம்பள உச்சவரம்பும் உண்டு. அன்று அணியொன்றுக்கு 3 கோடி 46 இலட்சம் டொலராக இருந்த அவ்வரம்பு, 2025 இல் 27 கோடி 92 இலட்சமாக உயர்ந்தது. ஏறத்தாழ ஓர் இலட்சம் மக்களே வாழும் கிறீன் பே நகரம் நியூயோர்க்குடன் மோதி நிற்பதற்கு இவ்விரண்டுமே பெரிதும் காரணம் என்பது எமது கருத்து. இவற்றின் மேலும் தெரிவு முறை தருவது, இளம் உழைப்பைக் குறைந்த விலைக்கு நான்காண்டுகள் கட்டிவைக்கும் வசதியே.

இனி இரசிகரிடம் திரும்புவோம். தெரிவு நாளுக்குப் பல மாதங்களுக்கு முன்பே அவர்களுடைய விவாதம் தொடங்கிவிடும். இண்டியானாபொலிஸ் நகரில் 1987 முதல் நடைபெற்றுவரும் சோதனையிலே இளைஞர்களின் உயரம், நிறை, கைந்நீளம், உள்ளங்கை அகலம், நாற்பது யார் தூரத்தை ஓடும் வேகம் யாவும் அளக்கப்படும். அவ்வெண்களை இரசிகர் மனப்பாடமாக ஒப்புவிப்பர். இக்காட்சி அடிமைச் சந்தையை நினைவூட்டுகின்றது எனக் கூறியோர் உளர். ஒப்புமை மிகையானதே, அடிமைக்குச் சம்பளமுமில்லை, பேர்வாங்கரைப் போல் மறுத்துச் செல்லும் வழியுமில்லை. ஆயினும் ஆட்டக்காரருட் பாதிக்கு மேற்பட்டோர் கறுப்பினத்தவராகவும், உடைமையாளர் ஏறக்குறைய அனைவரும் வெள்ளையராகவும் இருக்கும் ஒரு தொழிலில், 1934 முதல் 1945 வரை கறுப்பினத்தவர் ஒருவரையேனும் சேர்க்காத ஒரு லீக்கில், அந்நினைவு எழுவது இயல்பே.

1990 களின் தொடக்கத்தில் டலஸ் கவ்போய்ஸ் அணியினர், தெரிவு இடம் ஒவ்வொன்றுக்கும் இத்தனை புள்ளி என்று ஓர் அட்டவணை வகுத்தனர். முதலிடத்துக்கு 3000, முப்பத்திரண்டாம் இடத்துக்கு 590. முதலாளியின் மேசைக்கென வகுக்கப்பட்ட அவ்வட்டவணை இன்று மதுச்சாலை மேசைகளிலும் வாதப்பொருளாகின்றது. ‘சொத்து’, ‘முதலீடு’, ‘மலிவான ஒப்பந்தம்’ என்பன இரசிகரின் அன்றாடச் சொற்களாகிவிட்டன. பருவந் தொடங்குமுன் அணிகள் தம் பட்டியலைத் 90 இலிருந்து 53 ஆகக் குறைக்கும்போது, ஆயிரத்துக்கு மேற்பட்டோர் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வேலையிழப்பர். அவர்களுள் ஒரு பகுதியினர் பயிற்சிக் குழுக்களில் மீண்டும் இடம் பெறுவர். எஞ்சும் 53 பேர் யாவர் என முன்கூட்டியே கணிப்பது இரசிகருக்கு இனியதொரு பொழுதுபோக்கு. தன் தொழிற்சாலையில் ஆட்குறைப்புப் பட்டியல் வருமோ என அஞ்சும் ஒருவன், மாலையில் வீட்டிலிருந்து பிறருடைய ஆட்குறைப்புப் பட்டியலை ஆர்வத்தோடு தயாரிக்கின்றான்! வர்க்கச் சிந்தனை உழைப்பாளியின் மனத்திற் புகும் வழிகளைப் பற்றி நூல்கள் பல உள. இத்துணை இனிமையாகப் புகும் வழியை நாம் வேறெங்கும் கண்டதில்லை.

இவ்விவாதங்களுள் எம்மை மிகவும் சிந்திக்க வைப்பது தோல்வியை வேண்டுதல். கடைசி அணிக்கே முதல் தெரிவு என்பதால், சராசரியாக இருப்பதினும் முற்றாகத் தோற்பது இலாபம் என்ற கணக்கு பிறக்கின்றது. கிளீவ்லண்ட் பிறவுன்ஸ் அணி 2016 இல் ஓர் ஆட்டத்தில் மட்டும் வென்றது. 2017 இல் பதினாறிலும் தோற்றது. இரண்டாண்டும் முதல் தெரிவு அதற்கே கிடைத்தது. 2018 ஜனவரியின் கடுங்குளிரில் இரசிகர் திரண்டு, அம்முழுத் தோல்வியைக் கேலியாகக் கொண்டாடி, மைதானத்தைச் சுற்றி ஊர்வலம் போயினர். உணவற்றோருக்கு உதவவும் நிதி திரட்டினர். அவ்வூர்வலத்தில் கசப்போடு அன்பும் இருந்தது. 2018 இல் முதலாவதாகத் தெரிவான குவாட்டர்பாக் 2022 இல் வேறோர் அணிக்கு அனுப்பப்பட்டார் என்பதையும் சேர்த்துக் கூறவேண்டும்.

2022 இல் மயாமி அணியின் முன்னாட் பயிற்றுநர் பிறையன் புளோரஸ், 2019 பருவத்தில் தோற்கும் ஆட்டம் ஒவ்வொன்றுக்கும் ஓர் இலட்சம் டொலர் தருவதாக உடைமையாளர் கூறினார் என்று குற்றஞ்சாட்டினார். உடைமையாளர் மறுத்தார். லீக்கின் விசாரணை, அணி வேண்டுமென்று தோற்கவில்லை என்றும், ஆனால் வெற்றியினும் தெரிவு இடமே முக்கியம் என்ற கருத்தை உடைமையாளர் பலமுறை வெளியிட்டார் என்றும் முடிவு கூறியது. முதலாளி இரகசியமாகக் கூறியதாகச் சொல்லப்பட்டதை, அதே பருவத்தில் இரசிகருட் பலர் பணம் எதுவும் பெறாமலே உரத்துக் கூறிக்கொண்டிருந்தனர்.

தோற்பதற்கென்று எந்த ஆட்டக்காரனும் களமிறங்குவதில்லை, இறங்கவும் முடியாது. அவனது ஒப்பந்தத்தில் பெரும்பகுதி உறுதியற்றது. அன்று பதிவாகும் படச்சுருளே அடுத்த ஆண்டுக்கான அவனது வேலை விண்ணப்பம். தோற்கும் அணியிலும் எலும்பு முறிகின்றது, மூளை அதிர்கின்றது. ‘நாம் தோற்க வேண்டும்’ என்று கூறும் ஆதரவாளனின் ‘நாம்’ என்பதனுள் அன்று களத்தில் நிற்பவன் இல்லை. இனி வரப்போகும், பெயர் மட்டும் அறிந்த ஒருவன் இருக்கின்றான்.

வந்தவனுக்கும் அவ்விடம் நிலையானதன்று. 2011 இல் இண்டியானாபொலிஸ் கோல்ற்ஸ் அணி பதினாறு ஆட்டங்களில் இரண்டிலேயே வென்றது. அவ்வாறு கிடைத்த முதல் தெரிவாற் பெற்றவர் அன்ட்ரூ லக். தோள் காயம், விலாக் காயம், கிழிந்த சிறுநீரகம், 2017 பருவம் முழுவதும் ஆட இயலாமை என அவர் உடல் பட்டவை பல. 2019 ஓகஸ்ட் 24 ஆந் திகதி, பருவத்துக்கு முந்திய ஆட்டமொன்று நடந்துகொண்டிருக்கையில், அவர் ஓய்வுபெறுகின்றார் என்ற செய்தி கசிந்தது. அப்போது அவருக்கு முப்பது வயது நிறையவில்லை. களத்தைவிட்டு அவர் நடந்து செல்கையில், அவர் பெயர் பொறித்த சட்டையை அணிந்தோர் நிறைந்திருந்த அரங்கிலிருந்து இகழ்ச்சிக் கூச்சல் எழுந்தது. அது தம்மைப் புண்படுத்தியதை அன்றிரவே அவர் ஒப்புக்கொண்டார். கூச்சலிட்டோரைக் கொடியவர் என்று நாம் கருதவில்லை. முதலீடு ஒன்று முதிருமுன் கையைவிட்டுப் போகின்றதே என்று முதலாளி அடையும் கோபத்தை, முதலீடு எதுவும் செய்யாத அவர்கள் அடைந்தனர். ஒரு மனிதன் வலி தாளாது வேலையை விடுகின்றான் என்பதாக அச்செய்தி அவர்கள் செவியில் விழவில்லை.

ஆட்டக்காரர் கோடீசுவரர், அவர்களுக்கா இரக்கம் என்று கேட்கலாம். முதலாவதாகத் தெரிவாகுபவன் கோடிகள் பெறுவது உண்மை. ஆறாம் ஏழாம் சுற்றில் தெரிவாகி ஓகஸ்ட் முடிவில் விலக்கப்படுபவனும் அதே லீக்கின் தொழிலாளிதான். ஆட்டம் ஆட்டமே, அதில் அறம் பேசுதல் எதற்கு என்றும் கேட்பர். சீட்டாட்டத்தில் சீட்டுக்கு வலிப்பதில்லை என்பதே எமது விடை.

இரசிகனின் ‘நாம்’ எப்போதும் இவ்வாறு குறுகியே இருந்ததுமில்லை. 1987 செப்டெம்பரில் ஆட்டக்காரர் சங்கம் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரன் தான் விரும்பிய அணிக்குச் செல்லும் உரிமையே அதன் முதன்மைக் கோரிக்கை. உடைமையாளர்கள் கருங்காலிகளைத் திரட்டி மூன்று வாரம் ஆட்டங்களை நடத்தினர். தொலைக்காட்சி அவற்றை ஒளிபரப்பியது. பல நகரங்களில் மக்களும் சென்று பார்த்தனர். 24 நாட்களில் வேலைநிறுத்தம் கோரிக்கை நிறைவேறாமலே முடிந்தது. அவ்வுரிமை நீதிமன்ற வழியாகவே, 1993 உடன்படிக்கையிற் கிட்டியது.

ஆயின் பிலடெல்பியாவில் நடந்தது வேறு. ஒக்டோபர் 4 ஆந் திகதி அந்நகரத்து லொறிச் சாரதிகளின் சங்கத்தினரும் பிற தொழிற்சங்கத்தினரும் அரங்கின் வாயில்களிலே மறியலில் நின்றனர். அறுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் அமரக்கூடிய அவ்வரங்கினுள் அன்று இருந்தோர் நாலாயிரம் பேரளவில். கருங்காலி அணி சிக்காகோவிடம் 35 க்கு 3 என்ற கணக்கில் தோற்றது. அடுத்த இரு ஆட்டங்களிலும் தோற்றது. வாஷிங்டன் நகரத்தின் கருங்காலி அணியோ மூன்றிலும் வென்று கொடுத்தது. அப்பருவத்தில் வாகை சூடியதும் வாஷிங்டனே. பிலடெல்பியா அணி பதினைந்து ஆட்டங்களில் ஏழில் மட்டும் வென்று, இறுதிச் சுற்றுகளுக்குத் தகுதி பெறாது நின்றது. அம்மூன்று தோல்விகளும் பட்டியலில் இன்றும் பிலடெல்பியாவின் பெயரிலேயே உள்ளன. வாயிலிற் சங்க அட்டையோடு நின்றோர், அவை தம் அணியின் கணக்கிலேயே எழுதப்படும் என்பதை அறிந்தே அங்கு நின்றனர்.